வண்டிக்கு வெச்ச பொட்டு

சன்னலோரம் நீங்களே உக்காந்துக்குங்க தம்பி. நான் இப்பிடி ஓரமா இருந்துக்கறேன். எனக்கு ரோடு கண்ணுல படாம இருந்தாச் சரி. முப்பத்திரண்டு வருசம் அடுத்தவன் ஓட்டறதப் பாத்துப் பாத்து ஓஞ்ச கண்ணுங்க இது. இப்பப் பாருங்க, இந்த டிரைவரு ரெண்டாவது கியருக்கு வந்திருக்கோணும், மூணுலயே இழுக்கறாரு. இவரும் நம்மகிட்டக் கத்துக்கிட்டவராத்தான் இருப்பாரு. நாமக்கல் ஜில்லாவுல ஸ்டேரிங்கப் புடிக்கறவங்கள்ல பாதிப்பேரு நம்ம ஆளுங்கதான்.

நாச்சிமுத்து டிரைவிங் ஸ்கூலு, கேள்விப்பட்டிருப்பீங்க. பரமத்தி ரோட்டுல பெரிய போர்டு இருக்கும். ஒரு கை ஸ்டேரிங்கப் புடிச்சிருக்கற மாதிரிப் படம். அது என்ற கைதானுங்க, போட்டோ எடுத்து வரைஞ்சது. ஆமா, அந்த நாச்சிமுத்து நாந்தான். இப்ப ஊருல வேற பேரு வெச்சிருக்கறாங்க. ஆம்லெட் வாத்தியாரு. அதுக்கும் வர்றேன்.

டிரைவிங் ஸ்கூல்காரன் எதுக்குடா பஸ்ஸுல போறான்னு நீங்க கேக்கோணும். கேக்கலீன்னாலும் சொல்றேன். ஈரோட்டுல என்ற மச்சினன் தனபால் வீடு. அங்க என்ற வீட்டுக்காரி ரெண்டு மாசமா இருக்கறா. கூட்டிட்டு வரப் போறேனுங்க. வருவாளான்னு தெரியல. போன எடுக்க மாட்டீங்கறா. மச்சினன் எடுத்து, அக்கா தூங்குதுங்க மாமாங்கறான். காலையில பத்து மணிக்கும் தூங்குதாம், சாயங்காலம் அஞ்சு மணிக்கும் தூங்குதாம். அறுபத்திரண்டு வயசுல ஒருத்தி அவ்வளவு தூங்குவாளுங்களா?

தப்பு யாரு மேலன்னு நீங்களே சொல்லுங்க. மொதல்ல இருந்து சொல்றேன். பதினஞ்சு இருவது பேருக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய்ப்பாடாட்டம் ஆயிருச்சு.

என்ற வீட்டுக்காரி பேரு சுலோச்சனா. நடுநிலைப் பள்ளியில ஹெட்மிஸ்ட்ரஸ்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. படிப்பான்னா அப்பிடி ஒரு படிப்பு. சோப்பு உறையில எழுதியிருக்கறதக்கூட முழுசாப் படிச்சுட்டுத்தான் குளிக்கப் போவா. நான் அப்பிடியில்லீங்க, எனக்குக் கையும் காலும்தான் படிப்பு. அது பரவால்ல, அவ அவ மாதிரி, நான் என்ற மாதிரி. ஆனா வண்டியில ஏறுனா அவளுக்கு ஒரு வியாதி இருக்குது. ஏனுங்க, மாடு நிக்குது. ஏனுங்க, வேகத்தடை. ஏனுங்க, ஸ்கூல் புள்ளைங்க. முப்பத்தாறு வருசமா இதேதான். பக்கத்து சீட்டுல உக்காந்துட்டு பிரேக்கு பிரேக்குன்னு கத்தறது என்ற தொழிலுங்க தம்பி. சமையக்காரனுக்கு யாராச்சும் உப்பு எடுத்துக் குடுப்பாங்களா?

ஆவணியில ஒரு புது வண்டி எடுத்தோம். கம்பெனி பேரு எதுக்கு, விடுங்க. அதுல ரெண்டு சமாச்சாரம் புதுசு. ஒண்ணு குரூஸ் கண்ட்ரோலு. பட்டன அமுக்கிட்டா நீங்க வெச்ச வேகத்துலயே போயிட்டிருக்கும், ஆக்சிலேட்டர்ல காலே வெக்க வேண்டாம். இன்னொண்ணு, முன்னாடி போற வண்டிக்கு ரொம்பக் கிட்டப் போயிட்டா பீப் பீப்புன்னு கத்தும், மீட்டர்ல செவப்பா எரியும். ஷோரூம் பையன் இதையெல்லாம் சொல்லிட்டிருந்தப்ப நான் சீட்ட முன்ன பின்னத் தள்ளிப் பாத்துட்டிருந்தேன். இவதான் நின்னு கேட்டுட்டிருந்தா. கத்துமே, தானா நின்னுக்குமான்னு கேட்டா. அதெல்லாம் நிக்காதுங்க டீச்சர், அது சொல்ல மட்டுந்தான் செய்யும், பிரேக்க சார்தான் போடோணும்னான். குரூஸும் அப்பிடித்தான், முன்னாடி ஆளு நின்னாலும் அது பாட்டுக்கு அதே வேகத்துல போகும்னான். இதெல்லாம் எனக்குப் பொறகு தெரிஞ்சதுங்க. அப்ப யாரு காதுல போட்டுக்கிட்டா?

வண்டிகூட ஒரு புஸ்தகம் குடுத்தாங்க, பஞ்சாங்கத்த விடத் தடி. அத ஒரு வாரத்துல பென்சில் வெச்சு அடிக்கோடு போட்டே முடிச்சுட்டா. சோத்துல கைய வெச்சா ஆரம்பிச்சுருவா. மழையில குரூஸ் போடக் கூடாதாமுங்க. கூட்டத்துல போடக் கூடாதாமுங்க. போட்டாலும் காலு பிரேக்குக்குப் பக்கத்துலயே இருக்கோணுமாமுங்க. சத்தம் வருதுன்னு நம்பி ரோட்டப் பாக்காம இருக்கக் கூடாதாமுங்க. நான் சொன்னேன், ஊருல பாதிப்பேருக்கு லைசென்ஸ் எடுத்துக் குடுத்தவனுக்கு நீ வகுப்பு எடுக்கறியான்னு. ரசத்த ஊத்திட்டு அடுத்த பக்கத்தத் திருப்புனா.

சரி, வண்டிய எடுத்துட்டு ஊருக்குள்ள போனேன். பீப். டவுன் பஸ்ஸு பின்னால போனா பீப். மொபெட்டு குறுக்க வந்தா பீப் பீப். திருச்சி ரோட்டு சிக்னல்ல நம்ம ஸ்கூல் வண்டி பக்கத்துல நிக்குது, கத்துக்கறவங்க நாலு பேரு உள்ள இருக்கறாங்க, அவங்க காதுபட என்ற வண்டி என்னையப் பாத்துக் கத்துது. எப்பிடி இருக்கும் சொல்லுங்க. ஒயரக் கட் பண்ணி உடுங்கடான்னு சர்வீசுக்குக் கொண்டுபோயி நிறுத்துனேன். அங்க ஒரு சூப்பர்வைசரு, நாம லைசென்ஸ் எடுத்துக் குடுத்த ஆளுதான், சொல்றான்: நீங்க இடைவெளி விட்டு ஓட்டுங்க சார், அது தானாக் கத்தாது. முன்னாடி வண்டிக்கு இடைவெளி விடுங்கன்னு அவனுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு? நானு. குடுத்தவனுக்கே திருப்பிக் குடுக்கறான். ஆக வீட்டுல ஒரு சத்தம், வண்டியில ஒரு சத்தம். ரெண்டுக்கும் நடுவுல நானு.

இருங்க தம்பி, திருச்செங்கோட்டுல பஸ்ஸு அஞ்சு நிமிசம் நிக்கும். கடலை வேணும்னா வாங்கிக்குங்க. நான் சொல்லிட்டு வந்தர்றேன்.

ஆயுத பூசைக்கு நம்ம ஸ்கூல்ல பெருசாச் செய்வோம். பத்து வண்டியக் கழுவி நிறுத்தி, வாழை கட்டி, பூசணிக்கா உடைச்சு, டயருக்கு எலுமிச்சம்பழம் வெச்சு, வேலை செய்யற ஆளுங்க, அவங்க குடும்பம், பூசாரி எல்லாரும் வந்துருவாங்க. என்ற புது வண்டிதான் மொதல்ல நிக்குது. எல்லாரும் பானட்டுலதான் பொட்டு வெப்பாங்க. நான் யோசிச்சேன். மனுசனுக்கு நெத்தி எங்க இருக்குது? கண்ணுக்கு மேல. வண்டிக்கு நெத்தி எது? முன்கண்ணாடிதானுங்களே. அதுல மேல நட்ட நடுவுல, உள்பக்கம் கருப்பா ஒரு டப்பி ஒட்டியிருக்கும். அதுக்கு நேரா வெளிய மூணு வெரலாலச் சந்தனத்தத் தீட்டுனேன். கனமாத் தீட்டி, நடுவுல எட்டணா அகலத்துக்குக் குங்குமத்த அப்புனேன். முருகன் மாதிரி ஜம்முன்னு இருந்துச்சு வண்டி.

அப்பத்தான் இவ வாயத் தொறந்தா. அத்தனை பேரு முன்னால. ஏனுங்க, அது வண்டியோட கேமராங்க, அதுல பாத்துத்தான் கத்துது, மறைக்கக் கூடாதுன்னு புஸ்தகத்துல போட்டிருக்குதுங்க. சாமி காரியத்துல குறுக்கப் பேசாதன்னேன். பொட்ட அப்பிடித் தள்ளி வெச்சாலும் சாமி ஏத்துக்குமுங்கன்னா. யாரோ ஒரு பொம்பளை சிரிச்சது காதுல விழுந்துச்சு. எனக்கு மானமே போச்சு. அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுல வெச்சுத் தீத்துச் சொல்லிட்டேன், இனிமே என்ற வண்டியில ஏறுனா நீ வாயே தொறக்கக் கூடாதுன்னு. சரிங்கன்னா. அவ்வளவுதான். மறுநாள்ல இருந்து முன் சீட்ட விட்டுட்டுப் பின்னால போயி உக்காந்துக்கிட்டா. பின் சீட்டுலயும் பெல்ட்டுப் போட்டுக்குவா, அதுவும் புஸ்தகத்துல இருக்குதாம்.

கேளுங்க அதிசயத்த. பூசை போட்ட அன்னில இருந்து வண்டி கத்தறதே இல்ல. டவுன் பஸ்ஸுக்கு ஒட்டிப் போறேன், சத்தமில்ல. மொபெட்டு வருது, சத்தமில்ல. மீட்டர்ல மட்டும் மஞ்சளா இங்கிலீசுல என்னமோ ஒரு வரி வந்து நின்னுது. இவ பின்னால இருந்து எட்டிப் பாத்து வாயத் தொறந்தா. நான் ஒரு வெரலத் தூக்கிக் காட்டுனேன். மூடிக்கிட்டா. எனக்கு அத்தனை சந்தோசமுங்க. ஒரே பொட்டுல ரெண்டு சத்தமும் நின்னுபோச்சு. சந்தனம் காஞ்சு உதிருமேன்னு, அதே அளவுல பட்டையும் பொட்டும் ஸ்டிக்கராவே வெட்டி அதே எடத்துல ஒட்டிட்டேன். இதே வண்டி வெச்சிருக்கற ரெண்டு சினேகிதங்களுக்கும் யோசனை சொன்னேன். ஒட்டுனாங்க. இப்ப அவங்க எங்கிட்டப் பேசறதில்ல, அது வேற கதை.

ஐப்பசியில சேலத்துல ஒரு கல்யாணம். காலையில கெளம்புனோம். சிணுசிணுன்னு தூத்தல். நாலு வழி ரோடு, வழுவழுன்னு இருக்குது. தொண்ணூத்தஞ்சுல குரூஸ அமுக்கி உட்டுட்டு, பட்டு வேட்டிய ஒதுக்கிட்டு, வலது காலத் தூக்கி சீட்டு மேல மடக்கி வெச்சுட்டேன். சிரிக்காதீங்க, அந்தச் சொகம் உங்களுக்குத் தெரியாது. ஊட்டுல ஊஞ்சல்ல உக்காந்த மாதிரி இருக்கும். அவகிட்டப் பேசிக்கிட்டே போறேன். இந்த மாதிரி வண்டி வந்தப்பொறகு டிரைவருக்கே வேலையில்லன்னு சொல்லிட்டிருக்கேன்.

புதுச்சத்திரம் தாண்டி ஒரு முட்டை வண்டி டயரு வெடிச்சு இடது ஓரமா நின்னுட்டிருந்துச்சுங்க. நான் பாக்கறப்ப அது அந்தா அந்த டிக்கெட் மிஷின் வெச்சிருக்கற கண்டக்டர் தூரத்துல நிக்குது. காலு வேட்டியில சிக்கிருச்சு. உருவிப் பிரேக்குல வெக்கறதுக்குள்ள, ஸ்டேரிங்க வலப்பக்கம் ஒடிச்சேன் பாருங்க, அந்த ஒடிப்புத்தான் எங்களக் காப்பாத்துச்சு. முப்பத்திரண்டு வருச சர்வீசு. நம்ம வண்டியோட இடது பக்கம் போயி முட்டை வண்டியோட பின் மூலையில சொருகிருச்சு. ஸ்டேரிங்குல இருக்கற காத்துப் பலூன் வெடிச்சு என்ற மூக்குல அடிச்சுது. அடுத்து மேல இருந்து அட்டை அட்டையா முட்டை கொட்டுது. வைப்பரு வேற ஓடிட்டே இருக்குது, கண்ணாடி பூராவும் மஞ்சக்கருவ அடிச்சுக் கலக்குது.

அந்த வண்டி டிரைவரு ஓடிவந்து கதவத் தொறந்தான். ஏனுங்க சார், நீங்களான்னான். பூபதின்னு பேரு, நம்மகிட்டக் கத்துக்கிட்டவன். பாத்தா, நான் சொல்லிக் குடுத்தது எதையும் விடலீங்க. நாலு இண்டிகேட்டரும் எரியுது. ஐம்பதடிக்குப் பின்னால செவப்பு முக்கோணம் வெச்சிருக்கான். அதுக்கும் பின்னால வேப்பங்கொப்ப ஒடிச்சுப் போட்டிருக்கான். எல்லாத்தையும் நான் ஏத்தி அரைச்சுட்டுத்தான் வந்திருக்கேன். என்ன பிரயோசனம் சொல்லுங்க, இன்னும் அக்கட்டால ஓரமா நிறுத்தியிருக்கலாமில்ல அவன்.

இவளுக்குக் காறை எலும்பு முறிஞ்சுபோச்சு. பெல்ட்டு மட்டும் போடலீன்னா உசுரே இருந்திருக்காதுன்னாரு டாக்டரு. எனக்கு மூக்குதான். மூக்கும் வலிக்கத்தான் செய்யும், அத யாரும் கேக்கல.

இப்பத்தான் என்ற நாயத்துக்கு வர்றேன். ஆஸ்பத்திரிக் கட்டிலுல அவ படுத்திருக்கறப்பக் கேட்டேன், அந்த முட்டை வண்டிய நீ பாத்தியான்னு. பாத்தேன்னு தலைய ஆட்டுனா. தூரத்துல இருந்தேவான்னேன். ஆமான்னா. அப்பறம் ஏன் சொல்லலன்னேன். என்னைய ஒரு பார்வை பாத்தாளுங்க. "நெசமாத்தான் கேக்கறீங்களா"ன்னா. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். மாட்டுக்குச் சொன்னவ, வேகத்தடைக்குச் சொன்னவ, முப்பத்தாறு வருசம் சொல்ல வேண்டாததுக்கெல்லாம் சொன்னவ, சொல்ல வேண்டிய அன்னிக்கு வீம்புக்கு வாய மூடிட்டு உக்காந்திருந்திருக்கா. பாக்க வந்த சொந்தக்காரங்க அத்தனை பேருகிட்டயும் சொன்னேன், அவ கட்டிலுக்குப் பக்கத்துலயே நின்னு: கண்ணால பாத்துட்டுக் கல்லாட்டம் உக்காந்திருந்தா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பேச வேண்டாம்னா இதுக்குமா பேச வேண்டாம்னு அர்த்தம்?

அவ சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. ஆஸ்பத்திரியில இருந்து அனுப்புன அன்னிக்கு மச்சினன் கார்ல ஏறி நேரா ஈரோடு போயிட்டா. எங்கிட்டப் போறேன்னுகூடச் சொல்லல.

நானும் சும்மா இருப்பனா? டீக்கடையில சொன்னேன், ஆர்டிஓ ஆபீசு வாசல்ல சொன்னேன், அவகூட வேலை பாத்த டீச்சருங்ககிட்டச் சொன்னேன். எல்லாரும் அப்பிடீங்களா, அடப்பாவமேன்னு கேட்டுட்டு, நான் இந்தப்பக்கம் வந்ததும் ஆம்லெட் வாத்தியாருன்னு சிரிச்சாங்க. இந்த மாசம் ஸ்கூல்ல புதுசா யாரும் சேரல. மெஸ்ஸுல சாப்பிடறேன். ராத்திரி வீட்டுக்குள்ள போனா அந்தப் புஸ்தகம் டேபிள் மேல பென்சிலோட அப்பிடியே கெடக்குது. அத எடுத்து வெக்கக்கூட எனக்குக் கை வரல. அவ இல்லாத வீடு நல்லாவே இல்லீங்க தம்பி, ஒத்துக்கறேன். ஆனா தப்பு அவ மேலதான்னு நேத்து மத்தியானம் வரைக்கும் சொல்லிட்டிருந்தேன்.

நேத்து இன்சூரன்சு சர்வேயரு கூப்பிட்டனுப்புனாங்க. ஒரு அம்மா, சின்ன வயசு. வண்டியில டேஷ்போர்டு மேல ஒரு கேமரா உண்டு, ரோட்டப் படம் புடிச்சு வெக்கறது. அதுல இருந்த படத்த சர்வீசுக்காரங்க எடுத்து அனுப்பியிருக்கறாங்க. பாத்து ஒரு கையெழுத்துப் போடுங்க சார்னாங்க. அது ரோட்ட மட்டும் புடிக்கும்னு நெனச்சிருந்தேன். உள்ள பேசறதும் அதுல கேக்குமாம்.

மொதல்ல என்ற குரல்தான். பேசறேன் பேசறேன், அப்பிடிப் பேசறேன். எனக்கே அலுப்பா இருந்துச்சு. வேப்பங்கொப்பு நல்லாத் தெரியுதுங்க, எம்புட்டு தூரத்துலயோ தெரியுது. அப்ப பின்னால இருந்து ஒரு குரலு. "ஏனுங்க, முன்னால வண்டி நிக்குதுங்க." நான் பேசிட்டே போறேன். மறுக்கா, கொஞ்சம் பெருசா, "வண்டி நிக்குதுங்க, பிரேக்குப் போடுங்க." அதுக்கு நான் என்ன சொல்லியிருக்கேன் தெரியுங்களா? "ம்." அந்த ம் எனக்குத் தெரியும். முப்பத்தாறு வருசமா அவ எது சொன்னாலும் நான் சொல்ற ம் அது. சொல்லிட்டு மறுபடியும் குரூஸப் பத்தியே பேசறேன்.

அவ எம் பேரச் சொல்ல மாட்டாளுங்க தம்பி. பேங்குல வீட்டுக்காரரு பேரு என்னன்னு கேட்டாக்கூட ஒரு சீட்டுல எழுதிக் காட்டுவா. ஹெட்மிஸ்ட்ரஸ்ஸா இருந்தவ, ஆனாலும் சொல்ல மாட்டா. அந்தப் படத்துல மூணாவது தடவை, தொண்டை கிழியற மாதிரி, "நாச்சிமுத்து"ன்னு கத்தறா. பெத்த தாய் கூப்பிடற மாதிரி முழுப் பேரையும் சொல்லிக் கத்தறா. அதுக்கப்பறமும் ரெண்டு வார்த்தை நான் பேசறேனுங்க. அதுக்கும் பொறகுதான் முட்டை.

அந்த சர்வேயரம்மா லேப்டாப்ப மூடிட்டு என்ற மூஞ்சியப் பாக்காம பேனாவ நீட்டுனாங்க. கையெழுத்துப் போட்டேன். சத்தியமாச் சொல்றேன், அவ குரலு ஒண்ணுகூட என்ற காதுல விழுகல. விழுந்துட்டு மறைக்கல, விழுகவே இல்ல. ஆஸ்பத்திரியில நெசமாத்தான் கேக்கறீங்களான்னு கேட்டாளே, அதுக்கு இப்பத்தான் அர்த்தம் தெரிஞ்சுது. ஊரு பூராவும் போயி அவளக் கல்லுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அவ ஒருத்தருகிட்டயும் நான் சொன்னேன்னு சொல்லல. வெக்கமா இருக்குதுங்க. காலையில மொத பஸ்ஸப் புடிக்கலாம்னு வந்து, ஸ்டேண்டுல நின்னுட்டே நாலு பஸ்ஸ உட்டுட்டு இதுல ஏறுனேன்.

போயி ஒண்ணும் பேசப் போறதில்லீங்க. அவ முன்னால உக்காந்துக்குவேன். திட்டுனாத் திட்டட்டும். இனிமே அவ என்ன சொன்னாலும் காதக் குடுத்துக் கேக்கோணும்னு முடிவு பண்ணிட்டேன். மனுசனுக்குக் காது எதுக்கு இருக்குது? அடுத்தவங்க ஒரு வார்த்தை சொல்ல வந்தா, நம்ம வாய மூடிட்டு, அவங்க மூஞ்சியப் பாத்து, என்ன ஏதுன்னு கேக்கறதுக்குத்தானுங்களே. இந்த வயசுல வந்திருக்குது புத்தி, வந்தவரைக்கும் லாபம்.

என்னுங்க தம்பி, எந்திரிச்சு நிக்கறீங்க? ஆத்துப் பாலம்தானுங்க இது, ஈரோடு பஸ் ஸ்டேண்டு இன்னும் பத்து நிமிசம் ஆகும். என்னது? பள்ளிபாளையமா? பள்ளிபாளையத்துல எறங்கறவருங்களா நீங்க? அது பின்னால போயிருச்சுங்களே. ஸ்டாப்புல நாலு பேரு எறங்குனாங்களே, அப்ப நீங்க என்ற தோளத் தட்டுனது அதுக்குத்தானுங்களா? நான் கதை நல்லா இருக்குதுன்னு தட்டறீங்கன்னு நெனச்சேன். அட என்னுங்க நீங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?